புல்லிவட்டத்தைப் பாருங்கள்

ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடினார்கள். என்னைச் சுற்றியிருந்தவர்களில் ஒருவரும் அதற்காக வருத்தப்படவில்லை. எல்லோரும் அதற்கு முன்பே ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டிருந்தார்கள், நானும்தான். ஆனால் அந்தத் தளத்தில் ஒரு குணம் இருந்தது. பிறகு வந்த பெரிய தளங்களில் எல்லாம் நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது, அதை வேறோர் இடத்தில் கண்ட பிறகுதான் எனக்கே விளங்கியது.

நான் ஆர்குட்டில் சேர்ந்தது திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். பிளைவுட் தடுப்பு, முழங்காலில் இடிக்கும் சிபியு, உட்கார்ந்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்ளும் பையன். வங்கியில் வேலை கிடைத்த புதிது. விடுதித் தோழிகள் கல்யாணமாகி ஓசூர், நாக்பூர், சிங்கப்பூர் என்று போயிருந்தார்கள். கூகுளில் பொறியாளராக இருந்த ஆர்குட் புயுக்கொக்டென் என்ற துருக்கியர் 2004 ஜனவரியில் தொடங்கித் தன் பெயரையே வைத்த தளம் அது. பிரேசிலும் இந்தியாவும்தான் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடின.

அதில் தோழியிடம் பேச வேண்டுமென்றால் அவளுடைய ஸ்கிராப் புத்தகத்தில் போய் எழுத வேண்டும். பதிலை அவள் என் பக்கத்தில் வந்து எழுதுவாள். பேச்சில் பாதி அங்கே கிடக்கும், பாதி இங்கே கிடக்கும். டெஸ்டிமோனியல் என்று ஒன்றும் உண்டு. ஒருவரைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுதிக் கொடுப்பது. அவர் ஒத்துக்கொண்டால் அது அவர் பக்கத்தில் நிற்கும். என் அறைத்தோழிக்கு எழுத உட்கார்ந்தேன். கல்லூரிக் காலம் முழுக்க ஒரே அறையில் இருந்தும், அவள் எப்படிப்பட்டவள் என்று நான் வாக்கியமாக யோசித்ததே இல்லை. அன்று யோசித்தேன். தேர்வுக்கு முந்தின இரவுகளில் தன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பயந்துபோய் அழுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்வாள். அதை எழுதினேன். நண்பர்களுக்குச் சிரித்த முகமும் பனிக்கட்டியும் இதயமும் மதிப்பெண்ணாகப் போடுகிற வேலையும் அந்தத் தளத்தில் இருந்தது, அது எனக்குப் பிடித்ததில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் பெரும்பகுதி என் கண் அடுத்தவர் மேல் இருந்தது. நான் சொல்ல வந்த குணம் அதுதான்.

ஃபேஸ்புக்கிலும் அடுத்தவர் சுவரில் எழுதலாம். ஆனால் 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீட் வந்த பிறகு யாரும் யார் பக்கத்துக்கும் போகத் தேவை இல்லை, எல்லோர் பேச்சும் தானாக நம் முன் வந்து விழும். நாமும் நம் இடத்தில் இருந்தபடி பேசினால் போதும், கூட்டம் தானாகக் கூடும். 2009 பிப்ரவரியில் லைக் பொத்தான் வந்தது. கூடிய கூட்டத்தை எண்ணவும் வழி வந்துவிட்டது.

இதில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா இறந்த வருடம் அவரைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினேன். அவர் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். முப்பது வருடம் ஒரே சைக்கிளில் போனவர். அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் எழுதினேன். பல வருடமாகப் பேசாதவர்கள்கூட வந்து எழுதினார்கள். அவரிடம் பயிர்க்கடன் வாங்கப் போன ஒருவருடைய மகன், அப்பா தன் தந்தைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததைச் சொன்னார். அந்த ஆறுதல் உண்மையானது, இன்றைக்கும் அதற்கு நன்றியோடு இருக்கிறேன். பிறகு இன்னொன்று எழுதினேன். அதற்குப் பிறகும் எழுதினேன். முதல் திதி வந்த சமயத்தில், எழுதுவதற்கு முன்பே எந்த நினைவுக்கு வரவேற்பு இருக்கும் என்று மனசு கணக்குப் போடுவதைக் கவனித்தேன். அப்பாவின் கோபமும், அவர் சொல்லாமல் வாங்கிய கடனும், அம்மாவோடு பேசாமல் இருந்த மாதங்களும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஃபேஸ்புக்கில் உருவாகிக்கொண்டிருந்த மனிதர் எல்லோருக்கும் பிடித்தவர். என் அப்பா அப்படி இல்லை. அதோடு அவரைப் பற்றி அங்கே எழுதுவதை நிறுத்திக்கொண்டேன்.

இது என் மனசின் பலவீனம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. எதை எண்ணுகிறார்களோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள். வங்கியில் மாதக் கடைசி இலக்கு வந்தால் நாங்கள் நடந்துகொள்வதைப் பார்த்தாலே தெரியும். 2021இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. 2017 முதல் கொஞ்ச காலம், கோப முகம் உட்பட ஒவ்வொரு உணர்ச்சி முகத்துக்கும் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்து, எந்தப் பதிவு மேலே வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கோப முகத்தின் எடையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தது 2020இல்தான். நடுவிலிருந்த அந்த வருடங்களில் எங்கள் சொந்தக்காரர்களுக்குள் எத்தனை பேர் பேச்சை நிறுத்தினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அரசியல், சாதி, ஒரு படத்தின் வசனம். எல்லாவற்றுக்கும் அந்த எடையே காரணம் என்று சொல்ல மாட்டேன். எரிகிற இடத்துக்குக் காற்று வந்த திசை அது.

ட்விட்டர் எனக்குப் பிடித்திருந்தது. பேர் மாறி எக்ஸ் ஆன 2023 ஜூலைக்கு முந்தின ட்விட்டரைச் சொல்கிறேன். குறுஞ்செய்தியில் 160 எழுத்துதான் போகும் என்பதால், பெயருக்கு 20 ஒதுக்கி மீதி 140 என்று வைத்திருந்தார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது இன்னும் இறுக்கம். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி எண்ணிக்கையில் சேரும். ‘தமிழ்’ என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து, அங்கே ஐந்து. அந்த இறுக்கத்துக்குள் தமிழில் எழுதிக் காட்டியவர்கள் இருந்தார்கள். ஒரு வினையெச்சத்தை வெட்டி, ஒரு உருபை மறைத்து, வாக்கியத்தைச் செதுக்குகிற கை அவர்களுடையது. 2017 நவம்பரில் 280 ஆக்கினார்கள். அந்த நயம் அதற்குப் பிறகு மெல்லக் குறைந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தளத்துக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். 2015 டிசம்பர் முதல் வாரம், சென்னை வெள்ளம். சித்தி குடும்பம் முடிச்சூரில் மாடியில் நின்றுகொண்டிருந்தது. கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், போன் போகவில்லை. படகு எந்தத் தெருவரைக்கும் வருகிறது, எந்த மண்டபத்தில் சாப்பாடு, யார் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று முன்பின் தெரியாதவர்கள் ட்விட்டரில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலர், அவர்களில் வெளிநாட்டில் இருந்தவர்களும் உண்டு, அதையெல்லாம் சேகரித்து, பொய்த்தகவலைக் கழித்து, பட்டியலாக்கிப் பொதுவில் வைத்தார்கள். நான் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பட்டியலில் ஒரு தெருப் பெயரைத் தேடினேன், கிடைத்தது. அந்த இரண்டு மூன்று நாளும் அங்கே யாரும் யாரையும் மட்டம் தட்டவில்லை. எல்லோர் கண்ணும் தண்ணீரின் மேல் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் அது பழையபடி ஆகிவிட்டது. ஒருவர் சொன்னதை எடுத்து, மேலே நம் நக்கலை வைத்து, நம் கூட்டத்துக்குக் காட்டுகிற வசதி அதே 2015இல்தான் வந்திருந்தது. அடுத்தவர் பேச்சு நம் மேடைக்குப் பலகை ஆகிவிடுகிறது. மறுட்வீட் பொத்தானை 2009இல் உருவாக்கிய அணிக்குத் தலைமை தாங்கிய கிறிஸ் வெதரெல், அதைச் செய்ததற்காக வருந்துவதாகப் பத்து வருடம் கழித்து வெளிப்படையாகவே சொன்னார். ஒரு பொத்தான் இத்தனை பேரின் சுபாவத்தை மாற்றுமா என்று என் கணவர் கேட்டார். மாற்றியதைப் பார்த்தவள் நான்.

இன்ஸ்டாகிராமைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. என் நாத்தனார் அதில்தான் ரவிக்கைத் தையல் ஆர்டர் எடுக்கிறாள், நன்றாக ஓடுகிறது, சந்தோஷம். 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தபோது எனக்கு வருத்தம்தான். களையெடுத்து முடித்த கையோடு வரப்பில் நின்று ஆடிய பெண்களை வேறெந்தத் தளமும் அதற்கு முன்பு மேலே தூக்கிக் காட்டியதில்லை. வாட்ஸ்அப்பைச் சமூக வலைத்தளம் என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. 2018இல் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வதந்தியால் இந்தியாவில் பலர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, வந்த ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி செய்தார்கள். அந்தச் சின்னத் தடை எங்கள் குடும்பக் குழுவுக்கு நல்லதே செய்தது. கிடைத்ததையெல்லாம் உடனே தள்ளிவிடுகிற எங்கள் பெரியப்பா, அதற்குப் பிறகு யாருக்கு அனுப்ப வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அது எந்தத் தளத்தில் என்று சொல்லத் தேவையில்லை, பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் முகத்தை வைத்தால் உள்பெட்டியில் ‘ஹாய் தோழி, சாப்டாச்சா’ என்று வரும். பதில் போடாவிட்டால் திட்டு வரும். அதனால்தான் எங்கள் கிளையில் வேலை செய்யும் பெண்களில் பாதிப்பேர் சமயபுரம் அம்மன் படத்தையோ பிள்ளையின் படத்தையோ ரோஜாவையோ முகமாக வைத்திருந்தார்கள். நானும் ஒரு வெள்ளைத் தாமரையாகப் பல வருடம் இருந்தேன்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். திருவானைக்காவல் வீட்டு வாசலில் ஒரு நந்தியாவட்டை. ஒரு மழைக்காலத்தில் அதன் இலைகள் காம்பு மட்டும் மிஞ்சுகிற அளவுக்குக் காலியாகிக்கொண்டே வந்தன. என் மகள் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, அதை ஒட்டிப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், வாலில் ஒரு சின்னக் கொம்பு. குச்சியால் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே கழுத்துக்கு மேல் இரண்டு நீலக் கண்கள் பெரிதாகத் திறக்கும், கறுப்பு வளையத்துக்குள் நீலம், நடுவில் வெள்ளை. நிஜக் கண்கள் இல்லை, பயமுறுத்துவதற்கான வேடம். எதிர்வீட்டுப் பெண் “அடிச்சுப் போடுங்கக்கா, பட்டா அரிக்கும்” என்றாள். மகள் விடவில்லை.

படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். நிறைய லைக். ‘சூப்பர் மேடம்’, ‘ஐயோ’, ‘பாம்புக் குட்டியா?’ அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அது என்ன புழு என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் மாடியில் குடியிருந்த தாவரவியல் மாணவி, “ஐநேச்சுரலிஸ்ட்ல போடுங்க ஆன்ட்டி” என்று சொல்லி, அவளே என் போனில் ஏற்றியும் கொடுத்தாள்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று முதுகலை மாணவர்கள் 2008இல் தங்கள் படிப்பின் கடைசித் திட்டமாகச் செய்த தளம் அது. பிறகு கலிபோர்னியா அறிவியல் கழகத்தோடு சேர்ந்து, 2023இல் தனி அறக்கட்டளையாக நின்றது. விளம்பரம் கிடையாது. பார்த்த உயிரின் படம், தேதி, இடம், இந்த மூன்றையும் வைக்க வேண்டும். கணினி ஒரு பெயரை ஊகித்துச் சொல்லும். அதற்குப் பிறகுதான் மனிதர்கள் வருவார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அது என்ன என்று பெயர் சொல்லலாம், முந்தினவர் சொன்னதை மறுக்கலாம். குறைந்தது இரண்டு பேர் பெயர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தில் வந்து நின்றால் அந்தப் பதிவு ‘ஆய்வுத் தரம்’ ஆகும். பல பதிவுகள் அங்கிருந்து கோபன்ஹேகனில் உள்ள உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்புக்குப் போகும். ஆராய்ச்சியாளர்கள் அங்கே எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

எங்கள் புழுவுக்கு அன்று மாலையே பெயர் வந்தது. அரளி, நந்தியாவட்டை போன்ற செடிகளைத் தின்று வளரும் பருந்து அந்துப்பூச்சியின் புழு. முன்பின் தெரியாத ஒருவர் இன்னொன்றும் எழுதினார்: சில நாளில் இது பச்சை போய்ப் பழுப்பாகும், நோய் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கூட்டுப்புழுவாகத் தரைக்கு இறங்குகிறது என்று அர்த்தம், தொட்டியைச் சுற்றிக் காய்ந்த இலைகளைப் பெருக்காமல் விடுங்கள். அப்படியே நடந்தது. வாசலில் குப்பையை விட்டுவைத்ததற்கு அம்மாவிடம் திட்டு வாங்கினோம். பூச்சி வெளியே வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. சருகுக்கு நடுவே காலிக் கூடு மட்டும் கிடந்தது. மகள் அதைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

ஆனால் இந்தத் தளம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது புழுவினால் அல்ல, ஒரு கருத்து வேறுபாட்டினால்.

யாரோ ஒரு சுற்றுலாப் பயணி தரங்கம்பாடிக் கடற்கரையில் எடுத்த படம். மஞ்சள் பூ, நடுவில் அடர்சிவப்பு, இதய வடிவ இலை. அதற்கு ஒருவர் நீர்ப்பருத்தி என்று பெயர் சொல்லியிருந்தார். தன்னைப் பற்றிய குறிப்பில் ஹவாய்த் தீவுக்காரர் என்று எழுதியிருந்தார். அதுவரை அவர் பெயர் சொல்லிக் கொடுத்த பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நான் அந்தப் படத்தைப் பார்த்த நிமிடத்தில் பூவரசு என்று தெரிந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் கரையில் வளர்ந்தவளுக்குப் பூவரசு தெரியாமல் போகுமா? இலையைச் சுருட்டி, நுனியைக் கிள்ளி, நசுக்கி ஊதினால் பீப்பீ. காயைக் காம்போடு பறித்துத் தரையில் சுற்றினால் பம்பரம். பச்சைக் காயை நகத்தால் கீறினால் மஞ்சள் பால் வரும், துணியில் பட்டால் போகாது, அதற்காக அடி வாங்காத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது.

ஆனால் ‘எனக்குத் தெரியும், நான் அந்த ஊர்க்காரி’ என்று அங்கே சொல்லி முடிக்க முடியாது. எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று காட்ட வேண்டும். இரண்டும் ஒரே பருத்திக் குடும்பம். இரண்டு பூவும் காலையில் மஞ்சளாக இருந்து, வாடும்போது சிவந்துபோகும். எனக்குக் கண்ணில் தெரிந்தது, வாயில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் வங்கிக்குப் போகும் வழியில் காவிரிக் கரையோரம் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கீழே விழுந்திருந்த ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருடம் விளையாடிய பூவின் பின்பக்கத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. புல்லிவட்டம் ஒரு சின்னக் கிண்ணம். விளிம்பு நேராக வெட்டினது போல இருக்கிறது, மடல் என்று பிரியவே இல்லை. நீர்ப்பருத்தியின் படங்களைத் தேடிப் பார்த்தேன். அதில் ஐந்து கூர்மடல்கள் தனித்தனியாக நிற்கின்றன, அவற்றுக்குக் கீழே இன்னொரு பல் போன்ற வட்டம். இலையின் அடிப்பக்கம் அதில் வெண்மையான பூமயிர். பூவரசில் இரண்டு பக்கமும் வழுவழு.

தரங்கம்பாடிப் படத்தில் ஒரு பூ பக்கவாட்டில் திரும்பி இருந்தது. அதன் கீழே, ‘புல்லிவட்டத்தைப் பாருங்கள், கிண்ணம் போல இருக்கிறது, மடல் இல்லை, இது பூவரசு என்று நினைக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதிவிட்டு மனசு படபடத்தது. வேறு தளங்களில் ஒரு பெண் ஒருவரை மறுத்தால் என்ன வரும் என்று பழகிய உடம்பு அது.

இரவு பார்த்தபோது அவர் தான் சொன்ன பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நான் சொன்னதோடு ஒத்துப்போயிருந்தார். கீழே ஒரு குறிப்பு. ‘நீங்கள் சொல்வது சரி, நன்றி. இரண்டு மரமும் எங்கள் கரையில் உண்டு. இதை நாங்கள் மிலோ என்போம். அந்தக் காலத்தில் இதன் கட்டையைக் குடைந்து உணவுக் கலங்கள் செய்தார்கள். உங்கள் ஊரில் இதை எதற்குப் பயன்படுத்துவார்கள்?’

அந்தக் கேள்வியை நான் பல தடவை படித்தேன். தவறு என்று சொன்னவளிடம் ஒருவர் அடுத்த வரியில் கேள்வி கேட்கிறார், தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறார். அவர் நல்ல மனிதர் என்பது ஒரு காரணம். ஆனால் அந்த இடமும் அப்படி அமைந்திருக்கிறது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இருவரும் ஒரு பூவின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யார் வென்றார் என்று எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பெயர் சரியானால் இருவருக்கும் லாபம்.

முகப்படங்களும் அப்படித்தான். அங்கே பெரும்பாலோர் ஒரு வண்டையோ தவளையோ முகமாக வைத்திருக்கிறார்கள், ஆணும் பெண்ணும். நான் பயந்து தாமரைக்குள் ஒளிந்தவள். அங்கே விரும்பி ஒரு தட்டானாக இருக்கிறேன்.

எங்கள் வங்கிக் கிளைக்குப் பின்னால் ஒரு மாமரம், முழுக்க முசுறு எறும்புக் கூடுகள். ஒருநாள் மகளோடு அங்கே படம் எடுத்தபோது ஒரு எறும்பு மட்டும் நூலில் தொங்கியது. எறும்பு நூல் விடுமா? படத்தைப் பெரிதாக்கி மகள் காலை எண்ணினாள். எட்டு. முன்னங்கால் இரண்டையும் கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டு, முசுறு போலவே நடந்து, முசுறுக்கு நடுவே வாழும் குதிக்கும் சிலந்தி. கேரளத்துக்காரர் ஒருவர் பெயரை உறுதி செய்துவிட்டு, பெண் சிலந்தி, ஆணாக இருந்தால் தாடை நீண்டு இருக்கும் என்று சேர்த்து எழுதினார். அதற்குப் பிறகு என் மகள் எந்த எறும்பையும் நம்புவதில்லை, எண்ணிவிட்டுத்தான் நகர்கிறாள்.

அங்கேயும் எண்ணிக்கை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எத்தனை பதிவு, எத்தனை இனம் என்று பக்கத்திலேயே காட்டும். அந்த எண் ஏறுவதில் எனக்கு ஆசை இருக்கிறது, லைக் எண்ணிய அதே ஆசைதான். ஆனால் இந்த எண் ஏற வேண்டுமானால் நான் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை, இதுவரை பார்க்காத ஒரு உயிரைப் பார்த்தாக வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கணினி சொன்ன பெயரையே கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் போட, இன்னொருவர் ஆமாம் போட, தப்பான பெயர் ஆய்வுத் தரம் ஆகிவிடுவதும் நடக்கிறது. நம் பக்கத்துச் சின்னப் பூச்சிகளுக்குப் பெயர் சொல்ல ஆட்கள் மிகக் குறைவு, வருடக் கணக்கில் வெறும் ‘ஈ’ என்று நிற்கும் படங்கள் எனக்கே இருக்கின்றன. 2025 ஜூனில் கூகுளின் அறக்கொடைப் பிரிவிடம் நிதி வாங்கிச் செயற்கை நுண்ணறிவுக் கருவி செய்யப்போவதாக அறிவித்தபோது உறுப்பினர்கள் பலர் கொதித்துப் போனார்கள். நானும் கவலைப்பட்டேன். மனிதர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த இடத்தின் உயிர், அதை இயந்திரத்திடம் கொடுத்துவிடக் கூடாது. அதோடு, துக்கம் சொல்ல அது இடமில்லை. அப்பாவைப் பற்றி அங்கே எழுத முடியாது. அதற்கு மனிதர்கள் வேண்டும், ஃபேஸ்புக்கில் அவர்கள் இருந்தார்கள்.

இடத்தை மறைக்கிற வசதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் எடுக்கிற படங்களுக்கு நான் இடத்தை மங்கலாக்கி வைக்கிறேன். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் வெளியே தெரியும். அழியும் ஆபத்தில் உள்ள உயிர்கள் பலவற்றுக்கு இதைத் தளமே செய்துவிடுகிறது. நட்சத்திர ஆமையைப் பிடித்து விற்கிறவன் அதில் விலாசம் பார்த்து வரக்கூடாது அல்லவா. ஆமைக்குக் கிடைக்கிற அந்தப் பாதுகாப்பு அதே பொத்தானில் எனக்கும் கிடைக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டெல்டா மாவட்டங்களில் பெயரில்லாமல் கிடக்கும் செடிப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். பக்கத்தில் அம்மா. எழுபதைத் தாண்டியவள், போனில் பச்சைப் பொத்தானுக்கு மேல் எதையும் தொடாதவள். கீழாநெல்லி என்று யாரோ போட்டிருந்த படத்தைப் பார்த்ததும், “தண்டு செவப்பா இருக்கு பாருடி, இது வேற” என்றாள். தேடிப் பார்த்தேன். கீழாநெல்லிக் காய்க்குச் சின்னக் காம்பு இருக்கும், செந்தண்டு உள்ளதில் காய் தண்டோடு ஒட்டி இருக்கும், மேலே சொரசொரப்பு. படத்தில் ஒட்டித்தான் இருந்தது. என் பெயரில் போகிற அடையாளங்களில் பாதி அவளுடையது. அவளுக்கென்று ஒரு கணக்கு தொடங்கலாம் என்றால், “எனக்கு எதுக்குடி, நீயே சொல்லு” என்கிறாள். ஆனால் ஹவாய்க்காரரை மட்டும் அடிக்கடி விசாரிக்கிறாள். பூவரசங்கட்டையில் கட்டிலும் வண்டியும் செய்வோம், இலையில் கொழுக்கட்டை அவிப்போம் என்று நான் அவருக்குப் பதில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, “முக்கியமானதை விட்டுட்டியே. அவங்க ஊர்லயும் புள்ளைங்க அதுல பீப்பீ ஊதுமான்னு கேளு” என்றாள்.

இன்று காலை அந்தப் படத்துக்குக் கீழே கேட்டு எழுதினேன். இலையை எப்படிச் சுருட்டுவது, நுனியை எங்கே கிள்ளுவது என்பதைப் படம் படமாக எடுத்துச் சுட்டியும் சேர்த்திருக்கிறேன். படங்களில் இருக்கும் கை அம்மாவுடையது.